வெல்மார்க்கு ராசாவும் என் கையெழுத்தும்

துந்துபி வருஷம், ஆனி 3

என் பெயர் ராயப்பன்.

இந்த மூன்று சொற்களை எழுதி முடிப்பதற்குள் என் பெண்சாதி அன்னம்மாள் உலை வைத்துச் சோறு வடித்துவிட்டாள். பரவாயில்லை. அறுபத்து மூன்று வருஷம் எழுதாமல் இருந்தவன், ஒரு சாயங்காலம் மெதுவாக எழுதினால் குடி முழுகிப் போகாது.

வேலாங்கரைக் கோட்டை அச்சுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பிடி இழுக்கிறேன். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவது மாசிலாமணி. அதன்மேல் கடுதாசியை விரித்து, மரத் திருகின் பிடியை இழுத்து அழுத்துவது நான். வெல்மார்க்குக் கும்பினித் துரைமார் இந்தக் கரையில் தமிழில் சொன்னதெல்லாம் என் தோள் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

போன வருஷம் மாசிலாமணிக்குக் கண் மங்கியது. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அந்த வேலையை என்னிடம் தள்ளினான். எதை எங்கே போடுவது என்று தெரிய அதன் முகம் தெரிய வேண்டுமே. முகம் பழகி, பெயர் பழகி, ஒரு நாள் நானே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஈயத்தில் எழுத்து திரும்பி நிற்கும். அதனால் எனக்குத் தலைகீழ்ப் பாடம். திரும்பி நின்றால் சரளமாக வரும், நேராக நின்றால் கொஞ்சம் திணறும்.

எழுதுவது, மை கலங்கிக் கழித்த கடுதாசிகளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் இருப்பது பத்துக் கட்டளை. ஒன்பதாவதன் மேல் மை கொட்டியிருக்கிறது.

ஆனி 9

கப்பல் வந்தது. வெல்மார்க்கு ராசா இறந்துபோனாராம். போன கார்த்திகையில்.

ஆக, ஏழு மாதமாக நாங்கள் ஒரு பிரேதத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்திருக்கிறோம். ஞாயிறுதோறும் கோவிலில் அவருடைய ஆயுளுக்காக முழங்கால் போட்டிருக்கிறோம். ராசா இருப்பதற்கும் இல்லாததற்கும் வேலாங்கரையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்பதை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

கப்பலில் ஒரு பெட்டி நிறைய அச்சுக் கடுதாசியும் வந்திருக்கிறது. ராசாவுக்கு மகன் கிடையாது. சோபியா என்று ஒரு மகள், அல்பிரேக்து என்று ஒரு தம்பி. சிம்மாசனம் யாருக்கு என்று அங்கே சண்டை. பெட்டியில் வந்தது எல்லாம் தம்பி கட்சிக் கடுதாசி. பெண்ணுக்கு முடி கிடையாது என்று நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்த ஆள் நானூறு வருஷத்துக்கு முன்னால் எழுதக் கற்றவர். அவசரப்பட்டுவிட்டார்.

எங்கள் பெரிய துரை ஹோல்ஸ்து தம்பி கட்சி. அவருடைய மைத்துனர் அந்தத் தம்பியின் குதிரை லாயத்தில் பெரிய உத்தியோகஸ்தர். இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? கடுதாசிகளைத் தமிழாக்கி ஊரெல்லாம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. தமிழ் எழுதுவது துபாஷி சிதம்பரநாத முதலியார். துரை பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதைத் துரைக்கும் சொல்வது அவர் வேலை. நடுவில் இருவரும் சொல்லாததையும் சொல்லுவார்.

ஆனி 14

இருநூறு தாள் இழுத்தேன்.

"கருணைக் கடலும் நீதியின் கொழுந்தும் ஏழைகளுக்குத் தகப்பனுமான அல்பிரேக்து மகாராசா" என்று ஆரம்பம். இவரை நான் பார்த்ததில்லை. முதலியாரும் பார்த்ததில்லை. ஹோல்ஸ்து துரை ஒரு தடவை முதுகுப்பக்கம் பார்த்திருக்கிறாராம்.

ராசாவின் படம் மேலே வர வேண்டும் என்றார் துரை. அச்சுக்கூடத்தில் முடி வைத்த தலை செதுக்கிய மரக்கட்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. வேதக் கதைகள் அச்சடித்தபோது ஏரோது ராசாவுக்காகச் செய்தது. பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொன்ன அதே ஏரோது. பெரிய மீசை, உருட்டுக் கண்.

மாசிலாமணி கட்டையைத் துடைத்துக்கொண்டே, "இவரை வச்சா துரை கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டான். முதலியார் பார்த்துவிட்டு, "முடி இருக்கா? இருக்கு. அப்ப ராசாதான். போடும் ஓய்," என்றார்.

ஏழைகளுக்குத் தகப்பன் மிக அழகாக விழுந்திருக்கிறார். கழிவுத் தாள் பதினொன்று எனக்கு.

ஆனி 15

தோள் வலி. இன்று எழுதவில்லை.

ஆனி 20

இன்று கொடிமரத்தடியில் சத்தியம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் வந்து, அல்பிரேக்து மகாராசாவுக்கு அடங்கி நடப்போம் என்ற கடுதாசியில் குறி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பேனாவால் ஒரு கீறல் போடுவார்கள். அதுதான் வழக்கம். படகுக்காரர்கள், நெசவுக்காரர்கள், சுண்ணாம்பு சுடுகிறவர்கள் எல்லோரும் வரிசையாகக் கீறிவிட்டுப் போனார்கள். ஒரு கோழி நடந்துபோனது போல் இருந்தது கடுதாசி.

என் முறை வந்தது. நான் எழுதினேன்.

ரா, ய, ப், ப, ன். ஒவ்வொன்றாக. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு எட்டிப் பார்த்தார்கள். துரைக்குக் குடை பிடித்திருந்தவன் இரண்டு தடவை கை மாற்றிக்கொண்டான். நூற்றெண்பது கீறலுக்கு நடுவே ஒரு பெயர். தள்ளி நின்று பார்த்தாலும் தெரிந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அன்னம்மாளிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எல்லாரும் கீறல்தானே போட்டாங்க?"

"ஆமா."

"நீங்க மட்டும் பேரைக் குடுத்துட்டு வந்தீங்களாக்கும்."

அவளுக்கு எழுத்தின் அருமை தெரியாது. சொல்லிப் பயனில்லை.

ஆடி 11

இன்னொரு கப்பல். இன்னொரு பெட்டிக் கடுதாசி. இதில் எல்லாம் மகள் கட்சி.

சித்தப்பன் அல்பிரேக்து முடியை அபகரித்தவராம், அண்ணனின் பாலில் என்னத்தையோ கலந்தவராம், சின்ன வயதிலேயே குருவிக்கூட்டைக் கலைத்தவராம். நானூறு வருஷத்துப் பத்திரத்தை நன்றாக வாசித்தால் பெண்ணுக்குத்தான் முடி என்று வருகிறதாம். தலைநகர் சோபியா கையில் இருக்கிறதாம். இருந்ததாம் என்று சொல்வதுதான் சரி. கப்பல் புறப்பட்டு ஆறு மாதம் ஆகிறது.

கோட்டைக் கப்பித்தான் ரீமர் மகள் கட்சி என்று இன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் இன்றுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் நாற்பது சிப்பாய்களோடு போய் ஹோல்ஸ்து துரையை அவர் வீட்டிலேயே வைத்துப் பூட்டினார். ஒரு வெடிகூடக் கிடையாது. துரை, தன் சமையல்காரனையும் உள்ளே விட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாராம். கப்பித்தான் பெருந்தன்மையோடு சம்மதித்தாராம். வெல்மார்க்கு சரித்திரத்தில் வேலாங்கரைப் போர் என்று இதை எழுதுவார்கள்.

ஆடி 14

முதலியார் மகள் கட்சிக் கடுதாசியைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். "கருணைக் கடலும் நீதியின் கொழுந்தும் ஏழைகளுக்குத் தாயுமான சோபியா மகாராணி" என்று ஆரம்பம். மாசிலாமணி பழைய பக்கத்தை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தான். தகப்பனை எடுத்துவிட்டுத் தாயைச் சொருகினான். அரை நாள் வேலை மிச்சம்.

படம்தான் சிக்கல். மீசை.

மூவரும் ஏரோதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மாசிலாமணி உளி எடுத்து மீசையைச் செதுக்கித் தள்ளினான். மேலுதடும் கொஞ்சம் போய்விட்டது. கண் அப்படியே உருட்டித்தான் பார்க்கிறது. மகாராணிக்குப் பல்வலி போல இருக்கிறது என்றேன். முதலியார், "அரச குடும்பத்துல பல்வலி சகஜம். இழும்," என்றார்.

முந்நூறு தாள். கப்பித்தான் ஹோல்ஸ்தைவிட நூறு அதிகம் கேட்டார். ராணியிடம் அவருக்குள்ள பக்தி அந்த நூறு.

சந்தையில் இந்தக் கடுதாசியில் வெற்றிலை மடிக்கிறார்கள். சித்தப்பன் கடுதாசி கருவாட்டுக்கு. இதிலும் ஏதோ கட்சி இருக்கும்.

ஆடி 18

மறுபடியும் கொடிமரத்தடி, மறுபடியும் சத்தியம். போன மாதம் கீறிய அதே ஆட்கள் அதே கீறல். இந்தத் தடவை நான் வேகமாக எழுதினேன். தகப்பன் பெயரையும் சேர்த்து, "அந்தோணிமுத்து மகன் ராயப்பன்" என்று. கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்தேன். கப்பித்தான் குனிந்து பார்த்து என்னவோ சொன்னார். முதலியார் என்னிடம், "துரை மெச்சுறார்," என்றார். ஆனால் முதலியாரின் முகம் மெச்சுகிற முகமாக இல்லை. சொல்லாமல் எதையோ விழுங்கினார்.

பொறாமை. அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் எழுத்து தெரியக்கூடாது அவருக்கு.

ஆவணி 6

மூன்றாவது கப்பல். இருநூறு சிப்பாய்களோடு வந்திருக்கிறது. தம்பி அல்பிரேக்து தலைநகரைத் திரும்பப் பிடித்துவிட்டாராம். மகள் வடக்கே போய்ப் படை சேர்க்கிறாளாம்.

மத்தியானத்துக்குள் ஹோல்ஸ்து துரை வெளியே வந்தார், கப்பித்தான் உள்ளே போனார். அதே வீடு, அதே பூட்டு. சமையல்காரன் மட்டும் இடம் மாறவில்லை. கட்சி மாறாத ஒரே ஆள் அவன்தான்.

ஆவணி 7

முதலியார் அச்சுக்கூடத்துக்கு வந்தார். மாசிலாமணியை வெளியே அனுப்பிவிட்டு மேசைமேல் இரண்டு சத்தியக் கடுதாசியையும் விரித்தார்.

ராணிக்குச் சத்தியம் செய்த துரோகிகளைப் பிடிக்கச் சொல்லி உத்தரவாம். இருபத்து நான்கு சாட்டையடி, அப்புறம் ஊரைவிட்டு விலக்கி உப்பாற்றுக்கு அக்கரை, வெளியூர்க்காரனாக. இரண்டாவது கடுதாசியில் எத்தனை கீறல் என்று நான் கேட்டேன். நூற்றெண்பது, எந்தக் கீறல் யாருடையது என்று கீறினவனுக்கே தெரியாது என்றார்.

"பேரு ஒண்ணே ஒண்ணுதான் ஓய் இருக்கு. அதுவும் அப்பன் பேரோட. வால் வேற."

 உட்கார்ந்தேன்.

அவர் சொன்னது சுருக்கமாக இது. என்னை விசாரித்தால், ராணி கடுதாசியைத் தமிழில் எழுதியது யார் என்ற கேள்வியும் வரும். அது அவருக்கு நல்லதல்ல. ஆகையால் துரையிடம் அவர் ஒன்று சொல்லப்போகிறார். இந்தக் கிழவனுக்கு எழுத்தே தெரியாது, யாரோ விளையாட்டுக்கு இவன் பெயரை எழுதிவிட்டார்கள், இருபத்தெட்டு வருஷமாகக் கோட்டைச் சம்பளச் சீட்டில் இவன் போடுவது கீறல்தான், வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள் என்று.

"நாளைக்குப் பேனாவைக் கையில குடுப்பாங்க. உமக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன்.

ஆவணி 8

கீறல் போட்டேன்.

ஆவணி 9

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

துரையின் மேசையில் பேனாவை நீட்டினார்கள். நான் அதை மீன் முள்ளைப் பிடிப்பது போல் பிடித்தேன். முனை எது என்று கேட்டேன். அது நானாகவே சேர்த்துக்கொண்டது, முதலியார் சொல்லித்தரவில்லை. பெயரை எழுது என்று துரை சொன்னார். ஒரு கோடு போட்டேன். அதுவும் வளைந்து போனது. மை கடுதாசியில் சொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். துரை நிறைய நேரம் சிரித்தார். நல்ல மனிதர், ஏழைகள் சிரிப்புக் காட்டினால் ரசிப்பார்.

விடுவித்தார்கள். வெளியே வந்தபோது முதலியார் தணிந்த குரலில், இனி எவர் முன்னாலும் எழுதவோ வாசிக்கவோ கூடாது, உமக்கு எழுத்து தெரியும் என்று ஒருவர் நிரூபித்தால் அந்தப் பெயர் உம்முடையதாகிவிடும், சாட்டையும் உம்முடையதாகிவிடும் என்றார்.

அன்னம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். முதுகு தப்பியதற்காக. நன்றாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன்.

ஆவணி 19

எனக்கு எழுத்து தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இன்று மாசிலாமணி புதிய சத்தியக் கடுதாசி அடுக்கினான். நான் பக்கத்தில் நின்று தோல் பந்தில் மை தோய்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாரா, மகாராசாவின் பட்டங்கள். இரண்டாவது, அடங்கி நடப்போம். மூன்றாவது, ராணியை மறப்போம். நான்காவது ஈயத்தில் திரும்பி நின்றது. திரும்பி நின்றால்தான் எனக்குச் சரளமாக வரும் என்று முன்னமே சொன்னேனா?

இதில் குறி வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் பதினாறுக்கு மேல் நாற்பதுக்குள் ஓர் ஆண்பிள்ளையை இந்தக் கப்பலிலேயே அனுப்பச் சம்மதிக்கிறது. மகாராசாவின் படையில், சண்டை முடிகிறவரைக்கும். கோட்டை வேலைக்காரர், அச்சுக்கூடத்தார் வீடுகளுக்கு விலக்கு.

மாசிலாமணி என்னைப் பார்த்தான். நான் மையைப் பார்த்தேன். இதை எதற்குத் தமிழில் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஆளின் பாஷையில் இல்லாத கடுதாசி செல்லாது என்று வெல்மார்க்கில் சட்டமாம். அச்சடித்தால் போதும், வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் இல்லையாம். சட்டத்தை மதிக்கிற ஜனங்கள்.

மாசிலாமணிக்கு இரண்டு ஆண் மக்கள். விலக்கு உண்டு. வாயைத் திறந்தால் விலக்கு போய்விடும். அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு மகன் இல்லை, கட்டிக்கொடுத்த மகள் வேறு ஊரில். எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

தலைப்பில் படம் போட முடியவில்லை. மீசை திரும்ப வராதே. முடியை மட்டும் போட்டார்கள். கீழே முகம் இல்லை. மூன்று படங்களில் இதுதான் அசலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

ஆவணி 20

மழை இல்லை. வாளை மீன் நிறைய. அன்னம்மாள் புளி வாங்கச் சொன்னாள், வாங்கினேன். பானை ஒன்று விரிந்தது.

ஆவணி 22

கரைக்குப் போனேன். படகுக்காரன் சந்தியாகு படகின் கயிற்றுத் தையலைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான். கூடவே தம்பிகள் இரண்டு பேர். அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோவது இவர்கள்தான். வெள்ளைக்காரன் தோணி எங்கள் அலையில் இரண்டாவது புரட்டலில் கவிழும்.

நாலாவது பாராவில் இருப்பதைச் சொன்னேன். சந்தியாகு ஊசியை நிறுத்தவில்லை.

"யாரு படிச்சுச் சொன்னது மாமா?"

"நான்தான் படிச்சேன்."

அவன் தம்பிகளைப் பார்த்தான். தம்பிகள் சிரிப்பை அடக்கினார்கள். "பேனாவுக்கு முனை எதுன்னு துரைகிட்டயே கேட்ட ஆளு நீங்க. ஊரெல்லாம் அதே பேச்சு. எங்ககிட்ட மட்டும் படிப்பீங்களாக்கும்?"

அது பொய்க்குச் செய்தது என்றேன். எது பொய், அதுவா இதுவா என்று கேட்டான். கேள்வி நியாயமானது. இரண்டு கடுதாசியிலும் கீறினோமே, ஏதாவது ஆயிற்றா, இதுவும் அப்படித்தான், நிழலில் போய் உட்காருங்கள் மாமா என்று சொல்லி அனுப்பினான்.

அன்னம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோறு போட்டாள். சாப்பாடு முடிந்து வெகு நேரம் கழித்து, "விளக்கெண்ணெய் இருக்கா பாக்குறேன்," என்று எழுந்து போனாள். எதற்கு விளக்கெண்ணெய் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆவணி 27, காலை

இன்று சத்தியம். அச்சுக்கூடத்தார் வர வேண்டியதில்லை. நான் சும்மா பார்க்கப் போகிறேன்.

ஆவணி 30

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

கொடிமரத்தடியில் ஊர் முழுக்க நின்றது. முதலியார் மேடையில் நின்று கடுதாசியை உரக்க வாசித்தார். மேடைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள், சட்டத்துக்காக. நான் தூணுக்கு எதிரே நின்றேன். அங்கேதான் நிழல் இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். நான் வீரன் இல்லை. எனக்கு வந்தது எரிச்சல். இருநூறு தாளை இழுத்தவன் நான். ஒவ்வொரு வரியும் என் தோள்பட்டை. முதலியார் அதை விழுங்கி விழுங்கி வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். கூலிக்காரனுக்குத் தன் வேலையை ஒருவன் பாதியில் விட்டால் வருகிற எரிச்சல்தான் அது.

முதலியார் ஆரம்பித்தார். "கருணைக் கடலும் நீதியின் கொழுந்தும்." நானும் கூடவே ஆரம்பித்தேன். அவர் மேடையிலிருந்து, நான் தூணிலிருந்து. நேராக நிற்கும் எழுத்து எனக்குத் திணறும் என்றாலும், தெரிந்த பக்கம் அல்லவா? இரண்டு குரலும் ஒன்றாகப் போயின. சனங்கள் என் பக்கம் திரும்பினார்கள். முதலியார் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். ஹோல்ஸ்து துரைக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதை மரியாதை என்று நினைத்து, எனக்குத் தலையாட்டினார்.

முதல் பாரா சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனது. இரண்டாவது. மூன்றாவது. சந்தியாகு வாயைத் திறந்தபடி நின்றான்.

மூன்றாவது முடிந்ததும் முதலியார் "மகாராசா நீடூழி வாழ்க" என்று முடித்தார். நான் முடிக்கவில்லை. என் குரல் மட்டும் தனியாகப் போனது. ஆண்பிள்ளை, கப்பல், படை, சண்டை முடிகிறவரைக்கும். விலக்கையும் விடாமல் வாசித்தேன்.  

ஒருவரும் கூச்சல் போடவில்லை. முதலில் வரிசையில் நின்ற நெசவுக்காரக் கிழவி ஒருத்தி, "என் பேரனையா?" என்று மட்டும் கேட்டாள்.  அவள் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும். துரை முதலியாரைக் கேட்டார், முதலியார் தூணைப் பார்த்தார், தூண் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்து தெரியும் என்று இருநூறு பேர் முன்னால் நானே நிரூபித்துவிட்டேன். எனவே பெயரும் என்னுடையதாயிற்று, வாலும். அன்று மத்தியானமே தூணில் கட்டினார்கள். பன்னிரண்டோடு நிறுத்திவிட்டார்கள். மகாராசாவின் கருணை என்று முதலியார் மொழிபெயர்த்தார். அடித்தவனுக்குக் கை சுளுக்கிக்கொண்டது என்கிறாள் அன்னம்மாள். விளக்கெண்ணெயோடு அவள் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்தே.

இப்போது உப்பாற்றுக்கு அக்கரையில் இருக்கிறோம். கூரை ஒழுகாது என்று நினைக்கிறேன், இன்னும் மழை வரவில்லை.

புரட்டாசி 4

வேலாங்கரைச் செய்தி. படகுக்காரர்கள் எல்லோரும் படகை மணலில் ஏற்றிவிட்டார்கள். கப்பலுக்குத் தண்ணீர் போகவில்லை, அரிசி போகவில்லை. துரையின் ஆட்கள் தோணியில் போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது புரட்டல்.

மூன்றாம் நாள் துரை பறையடித்து அறிவித்தாராம், நாலாவது பாரா என்பது அச்சுப்பிழை என்று. ஏழு வரி அச்சுப்பிழை. இலக்கணமும் சுத்தமாக, விலக்கோடு கூடிய அச்சுப்பிழை. மாசிலாமணியைக் கூப்பிட்டு, இனிமேல் கவனமாக இரு என்று எச்சரித்தார்களாம். படகுகள் மறுபடி இறங்கின, கப்பல் படைக்கு ஆளில்லாமல் போய்விட்டது.

யார் ராசா என்று கேட்டேன். செய்தி கொண்டுவந்தவனுக்குத் தெரியவில்லை.

புரட்டாசி 12

சந்தியாகு ஆற்றைக் கடந்து வந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்னம்மாள் தண்ணீர் கொடுத்தாள். என் முதுகைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். 

பிறகு இடுப்பிலிருந்து ஒரு மூங்கில் குழாயை எடுத்தான். உள்ளே மெழுகுச் சீலையில் சுற்றி ஒரு கடுதாசி.

"எங்கப்பாரு குடுத்தது மாமா. நாங்க குடியிருக்கிற கரை மனை எங்களுக்குத்தான்னு கோட்டையில எழுதிக் குடுத்த பத்திரம். அவரு சாகும்போது கையில வச்சிட்டுப் போனாரு. புயல்ல கூட இதைத்தான் முதல்ல எடுத்தோம். ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. காதால கேட்டதே இல்ல."

மெதுவாகத்தான் படிப்பேன் என்றேன். அவசரமில்லை என்றான்.

விரித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து அப்படியே இருந்தது. முதலில் எனக்குள் வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். திணறலாக இருக்குமோ என்று மூன்றாவது தடவையும்.

அது பத்திரம் அல்ல. பதினாறு வருஷத்துக்கு முன்னால், வெல்மார்க்கு ராசாவுக்கு சோபியா என்று பெண் குழந்தை பிறந்ததற்காகக் கோட்டையில் இருபத்தொரு குண்டு போடுவார்கள், ஒருவரும் பயப்பட வேண்டாம் என்ற அறிவிப்பு. சந்தைக்குச் சந்தை கொடுத்தது.

சொன்னேன். அவன் நம்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தேன். இப்போது நம்புகிறான். முழுவதையும் வாசிக்கச் சொன்னான். குண்டுச் சத்தம் வரைக்கும் வாசித்தேன்.

"கோட்டையில இதை எங்கப்பாரு கையில குடுக்கும்போது, இது என்னன்னு யாரும் சொல்லலியா?"

 தாளின் ஓரத்தில் மை கொஞ்சம் அப்பியிருந்தது, இடது பக்கம். பிடியை இழுக்கும்போது என் இடது தோள் சற்றுத் தாழும், அதனால் அந்தப் பக்கம் எப்போதும் அப்பும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தாளை விரித்து, அழுத்தி, எடுத்துக் காயப்போட்டவன் நான்.

அதையும் அவனிடம் சொன்னேன்.